சத்தம் போடாத வால்வு

டேப்பட் அடிக்கிறது என்று ஒரு பழைய வண்டியைப் பட்டறையில் விட்டால், சத்தத்தை நிறுத்துவதுதான் வேலை என்று வண்டிக்காரர் நினைக்கிறார். பல சமயம் மெக்கானிக்கும் அப்படியே நினைக்கிறார். மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள தகட்டு மூடியைக் கழற்றி, டேப்பட் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஏற்றி, எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது என்று சொல்லி வண்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார். ஃபிளாட்ஹெட் என்றும் சைடு வால்வு என்றும் அழைக்கப்படும் பழைய எஞ்சின்களில் இந்த வைத்தியம் நோயைவிடக் கொடியது. அந்த எஞ்சின்களில் லேசான டிக் டிக் சத்தம் ஆரோக்கியத்தின் அடையாளம். அஞ்ச வேண்டியது, நேற்று வரை சத்தம் போட்டுக்கொண்டிருந்து இன்று அடங்கிப்போன வால்வுக்குத்தான். சத்தத்தின் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டு, எதைச் செய்தால் சத்தம் மாறுகிறது, எதைச் செய்தாலும் மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. இந்த அத்தியாயம் அதைத்தான் நிறுவ முயல்கிறது.

உதாரணத்துக்கு இரண்டாம் உலகப் போரின் ஜீப் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டொலிடோ நகரில் இயங்கிய வில்லிஸ் ஓவர்லேண்டு நிறுவனத்தில், தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் ஒரு பழைய நாலு சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஐம்பது குதிரைத்திறனுக்கும் குறைவாக இருந்த அதன் சக்தியை 60-க்கு உயர்த்தினார். ‘கோ டெவில்’ என்று பெயர்பெற்ற எஞ்சின் அதுதான். 134 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 2,200 சிசி. வில்லிஸும், அதே வரைபடங்களை வைத்து ஃபோர்டும் சேர்ந்து போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை இந்த எஞ்சினோடு கட்டின. 1940-களின் பிற்பகுதியில் மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியதால், அந்தப் பரம்பரை நம் சாலைகளுக்கும் அறிமுகமானது.

இதன் அமைப்பு எளிமையானது. வால்வுகள் எட்டும் ஹெட்டில் இல்லை. சிலிண்டர்களுக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள் தலைமேலாக நிற்கின்றன. கீழே கேம் ஷாஃப்ட். அதன் மேடு டேப்பட்டைத் தூக்குகிறது, டேப்பட் வால்வின் தண்டைத் தூக்குகிறது, ஸ்பிரிங் திரும்ப இறக்குகிறது. ராக்கர் ஆர்ம் இல்லை, புஷ் ராடு இல்லை. ஹெட் என்பது பிளக்கும் தண்ணீர்ப் பாதையும் கொண்ட ஒரு தட்டையான வார்ப்பு, அவ்வளவுதான். ஓவர்ஹெட் வால்வு எஞ்சினில் ராக்கர் புஷ், ராக்கர் ஷாஃப்ட், புஷ் ராடின் இரண்டு முனைகள் என்று சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நிறைய. அவற்றுக்கு மேலே மெல்லிய தகட்டு மூடி ஒன்று பறைபோல் அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும். ஃபிளாட்ஹெட்டில் சந்தேகப் பட்டியல் சிறியது: கேம், டேப்பட், அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ, தண்டு, கைடு, ஸ்பிரிங், சீட். பட்டியல் சிறிதாக இருப்பதாலேயே ஒழுங்காகச் சோதித்தால் குற்றவாளியைப் பிடித்துவிடலாம்.

டேப்பட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓர் இடைவெளி விடச் சொல்கிறது அந்தக் கால ராணுவக் கையேடு. அளவு 0.014 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர். இந்த இடைவெளி எதற்கு என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டால் புரியும். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகு வால்வு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எரிந்த வாயு உரசிச் செல்லும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை சுமையின்போது 600, 700 டிகிரி செல்சியஸ் வரை போகும். தண்டின் அடிமுனை அதைவிட மிகக் குளிர்ந்திருக்கும். மொத்த நீளத்துக்கும் சராசரியாக 200 டிகிரி ஏறியது என்று வைத்தால், மீட்டருக்கு டிகிரிக்கு 12 மைக்ரான் என்ற கணக்கில் வால்வு 0.36 மில்லிமீட்டர் நீள்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கும் 70 டிகிரி சூடாகி அதே நீளத்தில் சுமார் 0.12 மில்லிமீட்டர் வளர்ந்து, அந்த அளவுக்கு வால்வின் நீட்சியை ஈடுகட்டுகிறது. மீதி 0.24 மில்லிமீட்டர் இடைவெளியிலிருந்து கழிகிறது. ஆக, சூடான எஞ்சினில் மிஞ்சுவது 0.12 மில்லிமீட்டர்தான். வண்டி மேடு ஏறி எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் சூடானால் அதுவும் குறையும். சத்தத்தை அடக்குவதற்காகக் குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டருக்கு இறுக்கி வைத்தால், இதே கணக்குப்படி சூடேறியதும் வால்வு சீட்டில் உட்காராது. ஒரு மயிரிழை திறந்தே நிற்கும்.

அந்த மயிரிழை போதும். எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பங்கை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டின் வழியாகத்தான் பிளாக்குக்குக் கொடுத்துவிடுகிறது. சுழற்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் அது சீட்டில் அமர்ந்து குளிர வேண்டும். அமராவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. போதாததற்கு, எரியும் வாயு அந்தச் சிறு இடுக்கு வழியாக ஊதுகுழல் போல் பாய்ந்து வால்வின் விளிம்பை அரிக்கிறது. இந்த எஞ்சினில் முன்னிருந்து எண்ணினால் நாலாவது வால்வும் ஐந்தாவது வால்வும் எக்ஸாஸ்ட். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்குரிய அவை பக்கத்துப் பக்கத்தில் நின்று, பிளாக்கின் நடுவில் ஒரே வாய் வழியாக வாயுவைத் தள்ளுகின்றன. எட்டில் எந்த வால்வைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்றால், நான் இந்த இரண்டையும்தான் காட்டுவேன்.

இடைவெளி இருந்தால் ஏன் சத்தம் வருகிறது, கொஞ்சம் கூடினால் ஏன் ஒரேயடியாகக் கூடுகிறது என்பதற்குக் கேமின் வடிவமே காரணம். மேடு வட்டத்திலிருந்து திடீரென்று எழுவதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் மிக மெல்ல ஏறி இறங்கும் ஒரு சிறு சரிவு உண்டு. தலைச்சுமையை இறக்குகிறவர் கடைசி ஒரு சாண் உயரத்தில் வேகத்தைக் குறைப்பது போல, டேப்பட் மெதுவாக நகரும் அந்தச் சரிவுப் பகுதியிலேயே இடைவெளி அடைபட்டு வால்வைத் தொட வேண்டும், மூடும்போதும் அதே மெதுவில் சீட்டில் இறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இடைவெளி சரிவின் உயரத்தைத் தாண்டிவிட்டால், டேப்பட் வேகமெடுத்த பிறகு தண்டை மோதுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. அளவுக்குள் இருக்கும் டேப்பட் மெல்லத் தட்டுவதும், கொஞ்சம் மீறிய டேப்பட் சுத்தியலாய் அடிப்பதும் இதனால்தான். எனவே பலத்த டேப்பட் சத்தத்தை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அது கேமையும் டேப்பட் முகத்தையும் தின்னும். வால்வின் தலையையும் சீட்டில் அறையும். ஆனால் அந்தச் சேதம் மெல்ல நடக்கும், நடப்பதை அறிவித்துக்கொண்டே நடக்கும்.

தேய்மானம் இரண்டு திசையில் போகிறது. கேம், டேப்பட் முகம், அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவின் தலை, தண்டின் நுனி ஆகியவை தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் வளரும். வால்வு முகமும் சீட்டும் தேய்ந்தால் வால்வு கீழே இறங்கி டேப்பட்டை நெருங்கும், இடைவெளி குறையும், சத்தம் தேயும். முதல் வகைத் தேய்மானத்தை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. இரண்டாவதை, எஞ்சின் நன்றாகப் பழகிவிட்டது என்று பாராட்டுகிறார்கள்! எட்டு வால்வில் ஏழு டிக்கிட்டு ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால், பரிசோதனை அந்த மௌனத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, வருகிற சத்தம் வால்வுச் சத்தம்தானா? முதல் சோதனை தாளம். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் எஞ்சின் ஸ்லோவில் நின்றால் கிராங்க் விநாடிக்கு பத்து முறை சுற்றும்; எந்த ஒரு வால்வும் விநாடிக்கு ஐந்து முறைதான் திறக்கும். விநாடிக்கு ஐந்தையும் பத்தையும் காதால் பிரித்தறிவது கடினமாக இருந்தால் டைமிங் லைட்டை முதல் பிளக் ஒயரில் மாட்டலாம். அது கேம் ஒரு முறை சுற்றும்போது ஒரு முறை மின்னும். மின்னலும் தட்டலும் ஒன்றுக்கொன்று விலகாமல் கூடவே வந்தால் சத்தம் கேமின் வேகத்தில் வருகிறது. மின்னலுக்கு இரண்டு தட்டல் என்றால் கிராங்கின் பக்கம் பார்க்க வேண்டும். மின்னலோடு சேராமல் நழுவிக்கொண்டே போனால் அது டைனமோவோ தண்ணீர்ப் பம்ப்போ ஆக இருக்கலாம்; பெல்ட்டைக் கழற்றிச் சில விநாடி ஓட்டினால் தெரிந்துவிடும்.

தாளம் மட்டும் போதாது. தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் சுவரில் அறையும் சத்தம் வெடிப்புக்குப் பின் கீழிறங்கும்போதுதான் பலமாகக் கேட்கும். வெடிப்பு இரண்டு சுற்றுக்கு ஒன்று என்பதால் அதுவும் பாதி வேகத்தில்தான் வரும். வெப்பத்தை வைத்தும் பிரிக்க முடியாது. பிஸ்டன் சூட்டில் விரிந்து சத்தம் குறைகிறது. வார்ப்பிரும்பு பிளாக்கில் எஃகு வால்வு நீண்டு டேப்பட் சத்தமும் குறைகிறது. பிரித்துக் காட்டுவது சுமை. மரப்பிடி ஸ்க்ரூடிரைவரை ஹெட்டின் மேல் ஊன்றி, அதன் தண்டால் ஒரு பிளக்கின் தலையைத் தொட்டு, அந்தச் சிலிண்டரின் தீப்பொறியை எர்த்துக்குத் திருப்பிவிடுங்கள். ஃபிளாட்ஹெட்டில் பிளக்குகள் மேலே வரிசையாகக் கைக்கெட்டும் இடத்தில் நிற்பதால் இது சுலபம். வெடிப்பு நின்றதும் பிஸ்டன் அறைவது தணியும், கனெக்டிங் ராடு பேரிங்கின் கனத்த அடியும் தணியும், தளர்ந்த பிஸ்டன் பின்னின் சத்தமும் மாறும். கேம் மட்டும் வெடிப்பைப் பொருட்படுத்தாது. பிளக்கைக் கொன்றாலும் ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருந்தால், சத்தம் வால்வுப் பக்கத்தைச் சேர்ந்தது. பட்டறையில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடத் தெளிவான பதில் தருவது எதுவும் இல்லை.

அப்போதும் இரண்டு ஆள்மாறாட்டங்களை விலக்க வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் கை, கேம் ஷாஃப்டில் உள்ள ஒரு தனி மேட்டில் ஓடுகிறது. ஆகவே அதன் தாளமும் டேப்பட்டின் தாளமும் ஒன்றே. பம்ப்பைக் கழற்றி, வாயை மூடி, கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோலில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும். மற்றொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் கசிவு. குளிரில் டிக் டிக் என்று அச்சாக டேப்பட் போலவே கேட்கும், சூடேறி இரும்பு விரிந்ததும் அடங்கும். ஆனால் அது வெடிப்பின் பிள்ளை என்பதால் பிளக்கைக் கொன்றால் மாறும்; கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும்.

இனி, எட்டில் எது? இங்கேதான் காது ஏமாற்றுகிறது. வார்ப்பிரும்பில் ஒலி விநாடிக்கு நாலாயிரம் மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அரை மீட்டர் பிளாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒரு டேப்பட் அடித்தால் மொத்த பிளாக்கும் ஒலிக்கிறது. பிளாக்கின் எந்த மூலை பலமாக ஒலிக்கும் என்பதைச் சுவரின் தடிமன் தீர்மானிக்கிறதே ஒழிய, அடி விழுந்த இடம் அல்ல. இரும்புக் கம்பியைக் காதில் வைத்துக் கேட்டுச் சொல்லும் இடம் ஓர் ஊகம். அதை உறுதிப்படுத்துவது ஃபீலர் கேஜ். தகட்டு மூடியைக் கழற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மெல்லிய கேஜ் தகட்டை ஒவ்வொரு டேப்பட்டுக்கும் தண்டுக்கும் நடுவே செருகிப் பாருங்கள். எதில் செருகும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். எதில் செருகினாலும் நிற்காமல், ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் அழுத்தும்போது சத்தம் மாறினால், தேய்ந்த கைடில் தண்டு ஆடுகிறது.

கேஜ் தகடும் பொய் சொல்லும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் அடிபட்ட அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவின் தலையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நடுவே தண்டின் நுனி அளவுக்கு ஒரு சின்னக் குழி பளபளக்கும். தட்டையான கேஜ் அந்தக் குழியின் விளிம்புகளில் பாலம் போல் கிடக்கும்; தண்டோ குழியின் அடிவரை போய் அடிக்கும். கேஜ் 0.014 அங்குலம் என்று சொல்லும்போது உண்மை இடைவெளி 0.018-ஆகவோ 0.020-ஆகவோ இருக்கலாம். அளவு சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்று பட்டறைகளில் கைவிடப்படும் வழக்குகளில் இந்தக் குழிக்குப் பங்குண்டு. ஸ்க்ரூவை மாற்றுவதோ முகத்தைச் சமமாக அரைப்பதோதான் வழி. குழியை வைத்துக்கொண்டு மேலும் இறுக்குவது அல்ல.

இவ்வளவு சோதனை எதற்கு, அனுபவசாலி மெக்கானிக் காதாலேயே சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று உற்றுக் கவனியுங்கள். கேட்டுக்கொண்டே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தூக்குகிறார், திடீரென்று விடுகிறார், பிளக் ஒயரை இழுத்துப் பார்க்கிறார், எஞ்சின் சூடாகும் வரை காத்திருக்கிறார். வேகம், சுமை, வெப்பம் மூன்றையும் மாற்றி மாற்றிச் சத்தம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிறார். அவருடைய கெட்டிக்காரத்தனம் காதில் மட்டும் இல்லை, கேட்கும் முறையில் இருக்கிறது. அந்த முறையை எவரும் கற்றுக்கொள்ளலாம். அதோடு, எவ்வளவு தேர்ந்த காதும் சத்தமே போடாத வால்வைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. இன்றைய கார்கள் பலவற்றில் டேப்பட் சத்தமே இல்லையே, வால்வுகள் கருகிவிட்டனவா? ஃபிளாட்ஹெட் காலத்திலேயே இதற்கு விடை இருந்தது. 1938-ல் லிங்கன் செஃபிரின் ஃபிளாட்ஹெட் வி12 எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட்டுகள் வந்துவிட்டன. அவற்றுக்குள் அடைபட்ட எண்ணெய், வால்வு நீள நீளச் சிறிது கசிந்து குறுகி, குளிரும்போது மீண்டும் நிரம்பிக்கொள்கிறது. அங்கே இடைவெளியின் வேலையை எண்ணெய் செய்கிறது. ஜீப்பின் திருகு டேப்பட்டுக்கு அப்படிக் குறுகத் தெரியாது. அதற்குக் கிடைக்கக்கூடிய ஒரே நெகிழ்ச்சி அந்த 0.36 மில்லிமீட்டர் வெற்றிடம்தான். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சத்தம் குறைகிறதே என்பாரும் உண்டு. குறையும். தடித்த எண்ணெய்ப் படலம் அடியை மெத்தென்று ஆக்குகிறது, இடைவெளியைத் துளியும் மாற்றுவதில்லை. நோயறிய உதவும் சாட்சியை வாயடைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

மௌன வால்வை எப்படிப் பிடிப்பது? அதற்கு வேறு சாட்சிகள் உண்டு. எஞ்சின் ஸ்லோவில் நிற்கும்போது சைலென்சர் வாய்க்கு எதிரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால், சீரான ஊதலில் அது வெளிப்பக்கமாகவே படபடக்க வேண்டும். இடையிடையே உள்ளே இழுக்கப்பட்டால் ஏதோ ஓர் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டினால், கடல்மட்ட ஊர்களில் நல்ல எஞ்சினின் முள் 17-க்கும் 21 அங்குலத்துக்கும் நடுவே அசையாமல் நிற்கும். ஒரு வால்வு ஒழுகினால், அதன் முறை வரும்போதெல்லாம் முள் தவறாமல் ஒரு தடவை சரியும். கம்ப்ரெஷன் கேஜ் எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடும். இவை எதுவும் கையில் இல்லாவிட்டாலும், குளிர்ந்த எஞ்சினில் வால்வு மூடியிருக்கும் நிலையில் டேப்பட்டை விரலால் சுற்றிப் பார்க்கலாம். இடைவெளி இருந்தால் தாராளமாகச் சுற்றும். குளிரிலேயே சுற்ற மறுத்தால் சூட்டில் அந்த வால்வு திறந்துதான் நிற்கிறது.

எல்லா ஃபிளாட்ஹெட்டும் ஜீப் போல் கைக்கு வசதியானதல்ல. 1932-ல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய வி8-ல் பதினாறு வால்வும் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் புதைந்திருக்கின்றன. மேனிஃபோல்டைக் கழற்றினால் எஞ்சினை ஓட்டிப் பார்க்க முடியாது. ஓடும்போது கேஜ் செருகும் சோதனைக்கே இடமில்லை. அதன் மூல டேப்பட்டுகளில் திருகும் கிடையாது. இடைவெளி கூட வேண்டுமென்றால் வால்வுத் தண்டின் நுனியை அரைக்க வேண்டும். அதிகமாக அரைத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அப்படிப்பட்ட எஞ்சினில் திறப்பதற்கு முன்பு வெளியிலிருந்து செய்யும் தாளச் சோதனை, பிளக் சோதனை, வேக்குவம் கேஜ் மூன்றுக்கும் மதிப்பு பல மடங்கு.

ஜீப் எஞ்சினில் டேப்பட் வைக்கும்போது ஒரு எளிய கணக்கு உதவும். முன்னிருந்து வரிசையாக எண்ணினால், எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வரும் எண்ணுள்ள வால்வு முழுதாக மூடியிருக்கும், அதை அளக்கலாம். ஒன்று திறந்திருந்தால் எட்டு, மூன்று திறந்திருந்தால் ஆறு. இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், நடுவில் உள்ள நாலையும் ஐந்தையும் முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் அளவுப்படி வைத்த பிறகு இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள். அளவு எட்டிலும் சரியாக இருந்து, ஸ்க்ரூ முகங்கள் தட்டையாக இருந்து, அதற்குப் பிறகும் எஞ்சின் மெல்ல டிக்கிட்டால் மூடியைப் போட்டு வண்டியை எடுங்கள். அந்தச் சத்தத்தைத் தொடாதீர்கள்.